சொல்லக் கூசிய புண்

3-7-1964
பதினான்கு பேருக்கு மேஸ்திரி ஆகி ஒரு மாதம். சுரங்கத்தில் என் செட்டு ஆட்கள் என்றால் தனி மரியாதை. ஆனால் பத்து நாளாக அந்த இடத்தில் அரிப்பு. கீழே லெவல் சுரங்கப் பாதையில் அனல், கோவணம் வியர்வையில் ஊறிப்போகிறது. அதனால்தான் இருக்கும். ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவில் படைக் களிம்பு வாங்கினேன். யாருக்கு என்று கடைக்காரர் கேட்டார். தம்பிக்கு என்றேன். எனக்கு ஏது தம்பி?

8-7-1964
களிம்பு போட்டபின் எரிச்சல் அதிகம். முன்தோல் சிவந்து வீங்கி, பின்னால் தள்ளவே வரவில்லை.

12-7-1964
சம்பங்கி கேட்டுவிட்டாள். "இன்னாங்க, ஒரு வாரமா தள்ளித் தள்ளிப் படுக்கிறீங்க?"
சொன்னேன். சந்தேகப்படுவாள் என்று பயந்திருந்தேன்.
"கையில புண்ணுன்னா ஆஸ்பத்திரிக்குப் போவீங்க இல்ல? இதுவும் உங்க தோலுதான். காலையில போங்க."
எவ்வளவு தெளிவு. என் பெண்டாட்டி!

13-7-1964
டாக்டர் முகம் சுளிக்கவில்லை. வேறு பெண் சகவாசம் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். எழுதிக்கொண்டார். சிறுநீரை நீல மருந்தில் விட்டுச் சூடாக்கினார்கள். செங்கல் நிறமானது. சர்க்கரை வியாதி, புண் அதனால்தானாம். எனக்கா?
"அரிப்பு ஒரு வாரத்தில் போகலைன்னாலும், புண், வீக்கம், ஒண்ணுக்குப் போகும்போது எரிச்சல் இருந்தாலும் வரணும். ஜுரமும் சேர்ந்தா அன்னைக்கே வரணும்" என்றார்.

22-7-1964
மாத்திரை. சோறு பாதி. வீக்கம் வடிந்துவிட்டது.

4-8-1964
ஷிப்டு முடிந்து குளிக்கிற இடத்தில், என் செட்டுத் தங்கவேலு காலை அகட்டி நடந்தான். இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குத் தெரியாதா அந்த நடை?
எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன் — "எனக்கும் அங்க புண்ணு வந்துச்சு. டாக்டர்கிட்ட காட்டினேன். சிரிக்கிறவன் என்னைப் பார்த்துச் சிரிங்க."
சிரித்தவர்கள் விலகி வழி விட்டார்கள்.
தங்கவேலு நெற்றியைத் தொட்டேன். கொதித்தது. விதைப்பை வீங்கி, தொடைவரை சிவப்பு. "வேணாம் மேஸ்திரி, மானம் போயிடும்" என்றான். கையைப் பிடித்து நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். உடனே ஆபரேஷன். நாளைக்கு வந்திருந்தால் உயிர் தங்கியிருக்காது என்றார் டாக்டர்.
அவனைப் பிடித்துக் கூட்டிப்போன இந்தக் கையை இன்று நானே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

24-8-1964
தங்கவேலு வீடு திரும்பிவிட்டான். சர்க்கரை பார்க்க நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெஞ்சில் டாக்டரிடம் காட்ட வந்த என் செட்டு ஆட்கள் மூன்று பேர். யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. "வாங்க மேஸ்திரி" என்று நகர்ந்து இடம் விட்டார்கள். நடுவில் உட்கார்ந்தேன்.