மிளகளவு தசை

நடக்க முடிந்த காலமெல்லாம் எனக்கு முன்னால் நடந்த என் அண்ணாவுக்கு,

போன வாரம் ஊருக்கு வந்திருந்தேன். உன்னைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்தில் சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி நன்றாக ஏறிவிட்டது, காயும் பிடித்திருக்கிறது. நல்ல சேதி அவ்வளவுதான். மற்றதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பஸ் படியில் ஏற உன்னால் முடியாமல் போன வருஷம்தான் நான் கல்லூரியில் உயிர்வேதியியல் எடுத்தேன். அதன் பிறகு ஹார்மோன், தசை என்றே என் காலம் ஓடிவிட்டது. தசை வளரும்போது 'போதும், நிறுத்து' என்று சொல்லும் ஹார்மோன் ஒன்று உண்டென்று உனக்கு எத்தனை தடவை விளக்கியிருப்பேன்! அதைத் தடுத்துவிட்டால் தேய்கிற தசை மறுபடி திரளும் என்று நம்பினேன். அதைத் தடுக்க நான் உண்டாக்கிய மருந்து எலிகளிடம் பலித்தது. கட்டுரைகள் வந்தன, பதவி உயர்வு வந்தது, வெளிநாட்டில் பேசக் கூப்பிட்டார்கள். அதற்குள் நீ வீல்சேருக்கு வந்திருந்தாய்.

"எங்காலு தேயத் தேய உனக்குச் சம்பளம் ஏறுது போ கண்ணு" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன்.

நீ இன்னும் நடந்துகொண்டிருந்த காலத்தில் உன் தொடையில் ஊசி போட்டு எடுத்த தசையில் முக்கால்வாசி நோயைக் கண்டறியவே செலவாகிவிட்டது. மிளகளவு ஒரு துண்டு மட்டும் ஆய்வுக்கூடத்து ஃப்ரீசரில் மிஞ்சியிருந்தது. நீ இறந்த பிறகு அம்மாவிடம் அதைப் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். அன்று அவள் சாப்பிடவில்லை.

"எம்பையன் முழுசா மண்ணுக்குப் போகலயா சாமி? அதக் கொண்டாந்து குடு, அவங்கூடவே வெச்சர்றேன்" என்றாள். மறுநாளே உன் தலைமாட்டில் சின்னதாக ஒரு குழி தோண்டி, நாய் கிளறாமல் மேலே கல்லும் வைத்துவிட்டாள்.

கொடுத்திருப்பேன். ஆனால் அதற்குள் கௌசி விழ ஆரம்பித்துவிட்டாள். ஆமாம் அண்ணா, உன் மகள்தான். தரையிலிருந்து எழும்போது முழங்காலில் கையை ஊன்றி, உடம்பைத் தள்ளித் தள்ளி எழுகிறாள். அச்சு அசலாக நீ எழுந்த மாதிரி. அண்ணி அதைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

என் மருந்து நம் குடும்பத்து நோய்க்கு ஆகுமா என்று பார்க்க நம் குடும்பத்தில் அந்த நோய் பிடித்த தசைதான் வேண்டும். ரத்தம் போதாது. உன் துண்டை அரைத்தால் தெரிந்துவிடும், ஆனால் மண்ணுக்குக் கொடுக்க எதுவும் மிஞ்சாது. அம்மாவிடம் மறைக்காமல் சொன்னேன். கௌசியை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள்.

"புள்ளைக்குன்னா அவன் குடுப்பான். எடுத்துக்க" என்றாள்.

என் கையாலேயே அரைத்தேன். மாணவர்களிடம் விட மனசு வரவில்லை.

உன் தசையில் அந்த ஹார்மோன் கிட்டத்தட்ட இல்லவே இல்லை அண்ணா. நீ நடந்துகொண்டிருந்த அந்தக் காலத்திலேயே, அதைச் சுரப்பதை உன் தசை விட்டிருக்கிறது. இல்லாத ஒன்றை எந்த மருந்து தடுக்கும்? நம்ப முடியாமல், கடைசித் துளி தீரும்வரை திரும்பத் திரும்பச் செய்து பார்த்தேன். பதில் மாறவில்லை. எலிக்கு உதவியது உனக்கு உதவியிருக்காது, கௌசிக்கும் உதவாது. நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? கேலியாவது செய்திருப்பாயா?

போன வாரம் வந்து அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவள் அழவில்லை. போய்க் கல்லை எடுத்துப் போட்டுவிட்டு, வெறும் குழியில் மண்ணைத் தள்ளினாள். நான் கிட்டே போனேன். வேண்டாம் என்று கையால் காட்டினாள்.

நான் கிளம்பும்போது கௌசி சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்தாள். நாங்கள் பேசியதையெல்லாம் கேட்டிருக்கிறாள்.

"அத்தை, அப்பாவுது தீந்துபோச்சுன்னா என்னுத எடுத்துக்குங்க. வலிச்சாலும் நான் அழுவ மாட்டனுங்க" என்றாள்.

எடுத்தால் இன்னொரு கட்டுரை வரும். அவள் நடக்கிற காலத்துக்குள் மருந்து வராது. இது என்னைவிட யாருக்குத் தெரியும்? அவளைக் கட்டிக்கொண்டேன்.

மருந்து கண்டுபிடிப்பேன் என்று உனக்கு இனி சொல்ல மாட்டேன் அண்ணா. சொல்லிச் சொல்லித்தான் உன்னை அனுப்பிவைத்தேன். அவள் காலில் ஊசி வைக்க மாட்டேன், அவளிடம் பொய்யும் சொல்ல மாட்டேன். அவளால் எழ முடியாமல் போகும் நாளில், தூக்கி உட்காரவைக்க நான் வீட்டில் இருப்பேன். இந்த ஒன்று சத்தியம்.

கௌசிக்கு அத்தையாக மட்டும் மிஞ்சியிருக்கும்,
உன் தங்கச்சி.