துளியை நீட்டினால் தூளி

திருவொற்றியூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் யசோதராவுக்கு, உன் நைனா கோதண்டம் தன் கையாலேயே எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அம்மாவும் நலம், உன் நலம் அறிய ஆவல். கடிதத்தை இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று நவ்ரீன் டீச்சர் பலகையில் எழுதிப் போட்டது. உன் நலம் எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துபோய்விட்டது, ஆனாலும் அந்த வரியை விடவில்லை, ஆவல் என்று எழுத எனக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது. ஆச்சரியப்படாதே, யாரும் கை பிடித்து எழுதவைக்கவில்லை. ஒரு வரி எழுதி விரலைச் சொடுக்கிக்கொண்டு அடுத்த வரிக்குப் போகிறேன். போனில் பேசினால் நீ சரி நைனா, சரி நைனா என்கிறாய், அதற்குள் உன் ஆபீஸ் அழைப்பு குறுக்கே வந்துவிடுகிறது, கடிதத்துக்குக் குறுக்கே ஒருவரும் வர முடியாது. வாயில் கீது என்று வருவதை என் கை இருக்கிறது என்று எழுதுகிறது, எனக்கே சிரிப்பாக இருக்கிறது. இதுவரை எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், யாருய்யா இந்த ஆளு, கலெக்டரு மாரி பேசிக்கினு கீறான் என்றாள்.

சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கு நடக்கும் எழுத்து வகுப்புக்கு நான் ஒருநாளும் தவறுவதில்லை. சின்னப் பிள்ளைகளின் பெஞ்சுதான், முட்டி இடிக்கிறது, பரவாயில்லை. பக்கத்தில் மீன் விற்கிற வியாகுலம்மாள் உட்கார்கிறாள், என் நோட்டைப் பார்த்து எழுதிவிட்டு என் எழுத்து கோணல் என்று டீச்சரிடம் சொல்கிறாள். போன வாரம் ஒரு கூத்து நடந்தது. மெட்ரோ ரயிலில் ஒவ்வொரு நிலையத்தின் பெயரையும் சத்தமாகப் படித்துக்கொண்டே போனேன், தேரடி, காலடிப்பேட்டை, எல்லாம் சரியாக வந்தது. நான் இறங்க வேண்டியது டோல்கேட். ரயில் நின்றது, வெளியே சுங்கச்சாவடி என்று போட்டிருந்தது, இது வேறு ஏதோ ஊர் என்று சும்மா உட்கார்ந்துவிட்டேன். அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்பி நடந்தேன். இத்தனை வருடம் ஒரு போர்டும் படிக்கத் தெரியாமல் வண்டி ஓட்டியவன் எந்த இடத்தையும் தவறவிட்டதில்லை, படிக்கத் தெரிந்த பிறகு வீட்டுக்குப் பக்கத்திலேயே தவறவிட்டேன். வெயிலில் நடந்தாலும் சந்தோஷமாகத்தான் நடந்தேன், வழியில் இருந்த கடைப் பெயர்களை எல்லாம் படித்தேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன்னோடு அறையில் இருக்கிற ஃபரா உன் அம்மாவுக்குப் போன் செய்தது. அந்தப் பெண்ணைத் திட்டாதே, பயந்துபோய்தான் சொன்னது. ஆன்ட்டி, யசோ லிஃப்ட்ல ஏறிட்டு எங்க ஆறாவது மாடில எறங்கவே இல்ல, கதவு தொறக்குது மூடுது, மேல போறா கீழ வரா, செக்யூரிட்டி வந்து கூப்பிட்டதும்தான் வெளிய வந்தா, கேட்டா லிஃப்ட்டுக்குள்ள சிக்னல் கெடைக்காது, போன் அடிக்காதுன்னு சொல்றா என்று சொல்லியிருக்கிறது. சாப்பாட்டைத் திறந்து வைத்துக்கொண்டே வாடிக்கையாளர் புகாருக்குப் பதில் சொல்கிறாய் என்றும், ஞாயிற்றுக்கிழமைகூட லேப்டாப்பை மூடுவதில்லை என்றும் சொன்னது. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள், புள்ளைக்கு இன்னாவோ ஆய்டுச்சுய்யா, குர்கானுக்கு ரயில் எப்போன்னு கேளு என்றாள். மறுநாள் நீயே பேசினாய், மாசக் கடைசில ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு வந்துடறேன் நைனா, இனிமே எந்த வேலைக்கும் நான் லாயக்கு இல்ல என்றாய். நான் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன், நினைவிருக்கிறதா, கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம் இல்லை மகளே. போனில் எனக்கு அவ்வளவு வேகமாக யோசிக்க வராது, எழுதினால் வருகிறது. அந்த லிஃப்ட் சங்கதியைக் கேட்டு அம்மா பயந்த மாதிரி நான் பயப்படவில்லை. எனக்கு அது என்னவென்று உடனே தெரிந்தது. நீ தூளி கட்டியிருக்கிறாய், அது மேலும் கீழும் போகிற தூளியாகப் போய்விட்டது, அவ்வளவுதான்.

நான் ட்ரெய்லர் ஓட்டிய காலத்தில் துறைமுகத்து கேட்டிலிருந்து எண்ணூர் ரோடு முழுக்க கன்டெய்னர் வண்டிகள் வரிசையில் நிற்கும், அந்த வரிசையைத் தாண்டித்தான் நீ பள்ளிக்கூடம் போனாய். எப்போது நகரும் என்று யாருக்கும் தெரியாது. நகரும்போது நாம் நகராவிட்டால் பின்னால் நிற்பவன் முந்திவிடுவான், இடம் போய்விடும். அதனால் தூங்கவும் பயம், தூங்காமல் இருக்கவும் முடியாது. எனக்குப் பின்னால் எப்போதும் லட்சுமணன் வண்டிதான் நிற்கும், கோதண்டமும் லட்சுமணனும் சேந்துகினாங்க, சீதைதான் பாக்கி என்று மற்ற டிரைவர்கள் கிண்டல் செய்வார்கள். நாங்கள் ட்ரெய்லருக்கு அடியில் புடவையைத் தூளியாகக் கட்டி அதில் படுப்போம், மேலே கன்டெய்னர், கீழே ரோடு, கடல் காற்று உள்ளே புகுந்து போகும், அந்தத் தூக்கம் மாதிரி பஞ்சு மெத்தையிலும் வராது. ஆனால் அதற்கு ஒரு முறை உண்டு. படுக்கிறவன் வண்டிச் சாவியை அடுத்தவன் கையில் கொடுத்துவிட்டுத்தான் தூளியில் ஏற வேண்டும். அடியில் ஆள் இருப்பது தெரியாமல் யாரும் வண்டியை எடுத்துவிடக் கூடாது, அது ஒன்று. வரிசை நகர்ந்தால் சாவி வைத்திருப்பவன் எழுப்புவான், அது இன்னொன்று. லட்சுமணன் டயரில் தட்டி, மாமு, நவுரு, துறைமுகம் உன்ன கூப்டுது என்பான். பிறகு அவன் படுப்பான், அவன் சாவி என் இடுப்புக்கு வரும்.

ராயபுரத்து நோயல் என்று ஒருவன் இருந்தான், நல்ல டிரைவர், ஆனால் சாவியை யாரிடமும் கொடுக்கமாட்டான். நான் தூங்கிட்டா என் வண்டிய எவன் பாப்பான், என்னாட்டம் எவனுக்கும் ஓட்ட வராது என்பான். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே டீயும் பீடியுமாக உட்கார்ந்திருப்பான். ஒருநாள் வரிசை நகர்ந்தபோது அவன் ஸ்டியரிங் மேலேயே தலையை வைத்துத் தூங்கிவிட்டான். ஹாரன் அடித்தோம், கதவைத் தட்டினோம், அசையவில்லை, வண்டி எல்லாம் அவனைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது. விழித்துப் பார்த்தால் முன்னால் வெறும் ரோடு. எங்கள் எல்லோரையும் தாறுமாறாகத் திட்டினான், லட்சுமணன் மட்டும் அருகில் போய், இன்னா நோயலு, சாவி பத்திரமா கீதா என்று கேட்டான். அதற்குப் பிறகுதான் நோயல் புடவை வாங்கினான். யாராவது கண் சொக்கி நின்றால் லட்சுமணன் சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு, கண்ண கட்னா தூளிய கட்டு என்பான். கண்ணைக் கட்டும் நேரத்தில் ஓவர்டேக் எடுக்காதே, குறுக்கு வழியில் திரும்பாதே, முதலில் ஓரம் கட்டித் தூங்கு, எழுந்தபிறகு எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பு என்பது அதற்கு அர்த்தம்.

சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதுங்கள் என்று டீச்சர் சொன்னபோது இதைத்தான் எழுதினேன். எழுதும்போதுதான் பார்த்தேன், கண்ணைக் கட்டுவதற்கும் தூளியைக் கட்டுவதற்கும் ஒரே கட்டுதான், வாயால் எத்தனையோ தடவை சொன்னபோது தெரியாதது கண்ணால் பார்த்ததும் தெரிந்தது. ஆனால் தூளியைத் துளி என்று எழுதிவிட்டேன். வியாகுலம்மாள் எட்டிப் பார்த்து, துளியக் கட்டிக்கினு எப்டி படுப்ப, நீ இன்னா எறும்பா என்று சிரித்தாள், வகுப்பே சிரித்தது. நவ்ரீன் டீச்சர் வந்து து என்ற எழுத்தின் வாலைக் காட்டி, இங்க மட்டும் கால நீட்டுங்க தாத்தா, துளி தூளியாய்டும் என்றது. நானும் பென்சிலை இழுத்தேன், ஆகிவிட்டது. அன்றிலிருந்து எனக்கு உன் ஞாபகம்தான். துளி நேரம் கூட இல்ல நைனா என்பாயே, அந்தத் துளியைத்தான் கொஞ்சம் நீட்டச் சொல்கிறேன்.

தூளி கட்டியதால் வரிசை குறைந்துவிட்டது என்று நான் பொய் சொல்லமாட்டேன். வரிசை அப்படியேதான் நின்றது. குடிக்கத் தண்ணீரும் கழிப்பறையும் நாங்கள் எல்லோரும் சேர்ந்து போய்க் கேட்ட பிறகுதான் வந்தன. ஆனால் தூங்கி எழுந்தவர்கள்தான் போய்க் கேட்டோம், கண் கட்டியவன் எவனும் வரவில்லை, அவனுக்குச் சண்டை போடத்தான் வந்தது. அதனால் ராஜினாமா கொடுக்காதே என்று நான் சொல்லவில்லை, கண் கட்டிய நேரத்தில் கொடுக்காதே என்கிறேன். நீ எந்த வேலைக்கும் லாயக்கில்லை என்று சொன்னது நீ இல்லை, உன் தூக்கம் சொன்னது. உன் சாவி அந்தப் போன்தான். உன்கூட வேலைக்குச் சேர்ந்த பாலகணேஷ், நான் பாத்துக்கறேன் யசோ, நீ கெளம்புன்னு சொன்னாலும் நீ கொடுப்பதில்லை என்று நீயே ஒருநாள் பெருமையாகச் சொன்னாய், எனக்கு அப்போது நோயல் ஞாபகம் வந்தது, சொல்லாமல் விட்டேன். அந்தப் பையனிடம் சாவியைக் கொடு, அவன் படுக்கும்போது நீ வாங்கிக்கொள். சாப்பிடும்போது போனை ஃபராவிடம் கொடு, வாரத்தில் ஒருநாள் அதை அணைத்து வை. மேலதிகாரியிடம் லீவு கேள், கேட்கும்போது அழாமல் கேட்க முடிகிற அளவுக்குத் தூங்கிவிட்டுப் போய்க் கேள், இத்தனை பேர் வேலையை நான் ஒருத்தி பார்க்க முடியாது என்பதையும் சேர்த்துச் சொல். கொடுத்தால் அந்த வண்டியில் தூளி கட்ட இடம் இருக்கிறது, ஓட்டலாம். எவ்வளவு கேட்டும் இடம் இல்லை என்றால் அந்த வண்டி நமக்கு வேண்டாம், தெளிவான கண்ணோடு எழுதிக் கொடுத்துவிட்டு இறங்கி வந்துவிடு, தலை குனிந்து வராதே.

நேற்றே ஒரு பார்சல் அனுப்பிவிட்டோம், இந்தக் கடிதம் வரும்போது அதுவும் வந்துவிடும். அதில் என் பச்சைப் புடவை இருக்கிறது, அம்மாவுடையதுதான், ஆனால் லாரிக்கு அடியில் கட்டியதால் என்னுடையது என்று ஆகிவிட்டது. பொட்டியில பத்திரமா கீதுன்னு நான் நெனச்சிகினு இருந்தா, கிரீஸு தடவி வெச்சிருக்கியேய்யா என்று இன்று வரை திட்டுகிறாள், இரண்டு தடவை துவைத்தும் மூலையில் ஒரு கறை போகவில்லை. உங்கள் பால்கனியில் இரண்டு கொக்கி இருப்பதை வீடியோவில் பார்த்தேன், கட்டிவிட்டு முதலில் ஃபராவை உட்கார வைத்து இழுத்துப் பார், பிறகு நீ ஏறு. நெத்திலிக் கருவாடும் வைத்தோம், கூரியர் கடைக்காரர் மோந்து பார்த்து எடுத்துக் கொடுத்துவிட்டார், இதெல்லாம் டெல்லி வரிக்கும் தாங்காது பெருசு என்றார். அதற்குப் பதிலாக அம்மா கறிவேப்பிலைப் பொடி வைத்திருக்கிறாள், சூடான சோற்றில் நல்லெண்ணெய் விட்டு, உட்கார்ந்து சாப்பிட வேண்டுமாம், நின்றுகொண்டு சாப்பிட்டால் அவளுக்குத் தெரிந்துவிடுமாம்.

நீ நன்றாக இருப்பாய் மகளே, உடம்பும் மனசும் இரண்டும் ஒன்றாக இருந்து நீண்ட காலம் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று நானும் அம்மாவும் தலையில் கை வைத்து வாழ்த்துகிறோம். ஒன்று மறக்காதே, பாலகணேஷும் இல்லை ஃபராவும் இல்லை என்றால் ரயில் ஏறி இங்கே வந்து உன் சாவியை என்னிடம் கொடு. யார் போன் செய்தாலும் நான் எடுத்து, எங்க பொண்ணு தூங்குது, அப்பாலிக்கா பேசு என்று சொல்கிறேன், தமிழ் தெரியாதவனுக்கும் அது புரியும். இதற்குப் பதில் எழுத அவசரம் இல்லை. படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு முதலில் காலை நீட்டு.

இப்படிக்கு,
முன்பு கைநாட்டு வைத்த அதே விரலால் இதை எழுதிய உன் நைனா,
கோதண்டம்