அஞ்சலையக்காவின் சீட்டு

மச்சான்,

நீ என்னோடு பேச்சை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகிறது. இதையாவது கிழிக்காமல் படி.

தோட்டத்தில் வரிசையாக இருந்த நம் லயத்து வீடுகளை இடித்துவிட்டார்கள். நிர்வாகம் கட்டிய அடுக்குமாடிக்கு வந்துவிட்டோம். எனக்குக் கீழ்வீடு, முழங்காலுக்கு நல்லது. அஞ்சலையக்காவுக்கு நாலாவது மாடி. லிஃப்ட் கிடையாது. போன மாதம் அவர் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்தபோது நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கி இறக்கினோம். சிரம்பான் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

ஆளுக்கொரு தனித் தரைவீடு கிடைக்கும்வரை போராடலாம் என்று நீ சொன்னாய். சங்கத்தில் வாக்கெடுப்பு வைத்தோம். அடுக்குமாடி நாலே ஓட்டில் ஜெயித்தது.

படிக்கத் தெரியாதவர்கள், வர முடியாதவர்கள் வாக்குச் சீட்டைச் செயலாளரான என்னிடம் கொடுத்துப் போடச் சொல்வது நம் தோட்டத்து வழக்கம்தானே. அன்று வர முடியாமல் போன உன்னையும் சேர்த்துப் பதினொரு பேர் கொடுத்தீர்கள். "தரைவீடுன்னுதானே போட்ட?" என்று நீ கேட்டபோது சாமிமேல் சத்தியம் செய்தேன். அது பொய்யில்லை மச்சான். உன் சீட்டில் மட்டும் நீ சொன்னபடியே போட்டேன்.

நாளை மறுபடியும் வாக்கெடுப்பு. செயலாளராக நான் நீடிப்பதா, வேறொருவர் வருவதா என்று. இன்று காலை அஞ்சலையக்கா படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துப் பிடித்து இறங்கி வந்து சீட்டை நீட்டினார்.

"யாருக்குக்கா போடணும்?" என்றேன்.

"போன தடவ தரைவீடுன்னு சொன்னேன், நீ போட்ட. மத்தவங்கதான் கெடுத்துட்டாங்க. உன்ன விட்டா நான் யாருக்குத் தம்பி போடப்போறேன்?"

சீட்டை வாங்கிக்கொண்டேன்.

உன் பழைய கூட்டாளி