ஃபுல் கேஷ் போன்

ஜூன் 9, திங்கள்

காலை ஏழுக்கே அனல். நகரியில் ரயில் ஏறும்போதே முதுகெல்லாம் ஈரம். நிச்சயதார்த்த லீவு முடிந்து திருப்பதி கடையில் இன்று முதல் நாள். போன் கடை. நாலு வருஷமாக அங்கேதான் நிற்கிறேன்.

உள்ளே போனதும் கூட வேலை செய்கிற லாவண்யா ஓடி வந்தாள். "ரேவதி, மாப்ள இச்சின போன் எக்கட? சூப்பிச்சு, சூப்பிச்சு!" மாப்பிள்ளை கொடுத்த போனை எடுத்துக் காட்டினேன். ரோஸ் கோல்டு. எங்கள் கடையிலேயே கண்ணாடிக்குள் இருக்கிற மாடல். தினம் துடைப்பேன், எடுத்துக் காட்டுவேன், திரும்ப வைப்பேன். இப்போது என் பையில்.

நிச்சயதார்த்த மேடையில் மாப்பிள்ளை தினேஷ் மைக்கை வாங்கி, "ஈஎம்ஐ கீயெம்ஐ எல்லாம் கிடையாது. ரேவாக்கு ஃபுல் கேஷ்!" என்றார். மண்டபமே கை தட்டியது. 'ரேவா' பிடிக்கவில்லை. மற்றபடி பிடித்திருந்தது. உள்ளதைச் சொன்னால் ரொம்பவே பிடித்திருந்தது.

போனோடு ஒரு சிம்மும். அவர் போஸ்ட்பெய்டு குடும்ப ப்ளானில் என்னையும் சேர்த்துவிட்டாராம். பழைய நம்பரை விட்டுவிடச் சொல்கிறார். ப்ளஸ் டூவிலிருந்து இருக்கிற நம்பர். அது எதற்கு விடவேண்டும்? பதில் சொல்லவில்லை இன்னும்.

வாங்கவேண்டியது: பால், அம்மாவுக்கு முழங்கால் தைலம்.

ஜூன் 10, செவ்வாய்

எழுத்து கோணல்.

மதியம் ஸ்டோர் ரூமில் தயிர்சாதம். ஒரு கையால் தின்றுகொண்டே போனில் வேண்டாத ஆப்களை அழித்துக்கொண்டிருந்தேன். விளையாட்டு, ஷாப்பிங், எல்லாம் போயிற்று. ஒன்று போகவில்லை. அழிக்கும் பட்டன் சாம்பல் நிறத்தில் கிடந்தது.

எனக்கா தெரியாது அது? தவணைப் போனுக்கு மட்டும் ஏற்றுகிற பூட்டு. ஒரு நாளைக்கு ஐந்து போனுக்கு நானே ஏற்றுகிறேன். தவணை தவறினால் அது போனைப் பூட்டிவிடும், அப்புறம் அது எதற்கும் உதவாத செங்கல்தான்.

சரி, ஜம்பத்துக்குக் கேஷ் என்று சொல்லிவிட்டார், போகட்டும் என்று நினைத்தேன். சிரிப்பு கூட வந்தது. திறந்து பார்த்தேன்.

தெலுங்கில் கொட்டை எழுத்தில்: "நமஸ்தே முனுசாமி காரு."

முனுசாமி என் நைனா.

உலகத்தில் எத்தனை முனுசாமி என்று ஒரு நிமிஷம் மனசு ஓடியது. கீழே பேங்க் கணக்கின் கடைசி நாலு எண். அந்த பாஸ்புக்கில் எனக்குத் தெரியாத எண் இல்லை, நைனாவுக்குப் பணம் எடுக்கும் சீட்டு எழுதிக் கொடுப்பதே நான்தான். லோன் போட்ட நாள் ஜூன் 2. அன்றைக்கு நைனா தறிக்கு லீவு போட்டு, வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு, நிச்சயதார்த்தத்துக்குச் சமையல்காரரைப் பார்க்கணும் என்று சித்தூர் போனார்.

முதல் தவணை ஜூலை 3. மொத்தம் பதினெட்டு.

மிச்சச் சாதத்தைக் கொட்டிவிட்டேன். அதற்கப்புறம் மூன்று கஸ்டமர். ஒருவரிடமும் சரியாகப் பேசவில்லை. முதலாளி முறைத்தார். முறைக்கட்டும்.

அதே நாள், வீடு வந்தபின்

நைனா பவர்லூம் ஆள், வீட்டில் பேசினாலும் தெருவுக்கே கேட்கும். இன்று முணுமுணுத்தார்.

"அவருக்கு ஏதோ லோன் ஸ்கோர் இல்லியாம்மா. பேருக்குத்தான் மாமா, கட்டறது நான்தான்னாரு."

"நீ இன்னா சொன்ன?"

"இன்னா சொல்றது? மாப்ளே கேட்டா முடியாதுன்ற வாயா எனக்கு?"

"போட்டோ எடுத்தாங்களா?"

"ஆமா. கண்ண மூடித் தொறங்கன்னாங்க. தொறந்தேன். ரெண்டு வாட்டி."

லோனுக்கு நிஜ ஆள்தானா என்று கேமரா பார்க்க, கடையில் தினம் நான் சொல்கிற அதே வார்த்தை. "கண் மூடித் திறங்க சார்." எத்தனை அப்பாக்களிடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன். அழுகை வந்தது. கோபத்தில்தான்.

மண்டபத்தில் எல்லோரும் கை தட்டியபோது நைனாவும் தட்டினாரே. தெரிந்தே தட்டினாரே.

ஜூன் 11, புதன்

காற்று. மழை இல்லை.

தினேஷுக்குப் போன் செய்தேன், என் பழைய விரிசல் போனிலிருந்து. அவருக்குக் கங்காதர நெல்லூரில் வீடு, சித்தூரில் கம்பெனி வேலை; அப்போது டீ பிரேக் நேரம்.

"எல்லாரும் பண்றதுதானே ரேவா. ஒரே குடும்பம். உங்க நைனா பேர்ல இருந்தா இன்னா, என் பேர்ல இருந்தா இன்னா?"

"அப்போ மைக்ல நைனா பேரைச் சொல்லியிருக்கலாமே."

"போன் குடுத்தா சந்தோஷப்படுவாங்க. நீ இன்னாடான்னா வக்கீல் மாதிரி கேக்கற."

"நான் போன் விக்கிறவ. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

"கல்யாணத்துக்கு அப்பால நீ எதுக்கு அந்தக் கடைக்குப் போகணும்?" என்றான். (இங்கே 'என்றார்' போட கை வரவில்லை.)

ஓஹோ. அதுவும் இருக்கிறதா?

நான் சொன்னது: ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாங்க. நிச்சயதார்த்தத்தில் முன்வரிசையில் உட்கார்ந்த பெரியவங்க இருப்பாங்க. கேஷ் இல்லை, மாமா பேரில் லோன் என்று உங்க வாயால் சொல்லுங்க. லோனை முடிக்கிற வழியையும் சொல்லுங்க. சொன்னால் மேலே பேசலாம்.

"வரலன்னா?"

"வரலன்னா வரல."

வைத்துவிட்டேன். குரல் நடுங்கவில்லை. அது போதும்.

ஜூன் 12, வியாழன்

அம்மா காலையிலிருந்து பாத்திரத்தோடு சண்டை. "ஒரு போனுக்காகக் கல்யாணத்த நிறுத்துவியாடி?"

"அவன் மைக்ல சொன்னப்ப நீ கேட்டுக்கினு இருந்தியா இல்லியா?"

"ஆம்பள நாலு பேர் முன்னால பெருமைக்கு ஒண்ணு சொல்லுவான்."

"அவன் பெருமைக்கு நைனாவோட கூலிப் பணமா?"

அம்மா என் தட்டில் இன்னொரு தோசை போட்டாள்.

நைனா இரண்டு நாளாக என் முகத்தைப் பார்ப்பதில்லை. எனக்கு அவர் மேலும் கோபம்தான். அது போகிற கோபம்.

ஜூன் 13, வெள்ளி

ரயிலில் கூட்டம். ரேணிகுண்டாவில் உட்கார இடம் கிடைத்தது, யோசிக்கவும்.

கடையில் நான் பார்த்தது: கேஷ் கஸ்டமர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். கிளாஸ் ஒட்டுவதற்குப் பேரம். வாங்கியதும் திரும்பிப் பார்க்காமல் போவார். தவணை கஸ்டமர் ஆதார், பாஸ்புக், இரண்டு சொந்தக்காரர் நம்பர் எல்லாம் கொடுத்து, ஒரு மணி நேரம் காத்திருந்து, கடைசியில் எங்களுக்கே கும்பிடு போட்டுவிட்டுப் போவார். நாங்கள் சும்மா கொடுத்த மாதிரி.

நான் கும்பிடு போடப்போவதில்லை.

மதியம் எனக்கென்று ஒரு போனை எடுத்துக்கொண்டு முதலாளி மேஜைக்குப் போனேன். கறுப்பு, சின்னது, கண்ணாடிக்குள் வைக்காத மாடல். கேமரா சுமார். லாவண்யா தலையில் அடித்துக்கொண்டாள்.

முதலாளி: "ஸ்டாஃபுக்கு ஜீரோ பர்சென்ட் ஈஎம்ஐ உந்தி கதம்மா, இருக்குல்ல! பெத்த போனே, பெருசா எடுத்துக்கோயேன்."

"வேணாம் சார். கேஷ். எண்ணிக்கோங்க."

போன தீபாவளி இன்சென்டிவ் பணம். கல்யாணத்துக்கு வளையல் வாங்க வைத்திருந்தது.

"பில்லு யார் பேர்லம்மா?"

"ரேவதி."

"இனிஷியல்?"

"எம்." முனுசாமிக்கு எம். தினேஷ் பெயருக்கு அதில் இடம் இல்லை.

பழைய சிம்மை நானே மாற்றிப் போட்டேன். நம்பர் அதே நம்பர். பூட்டு ஆப் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன், இருக்காது என்று தெரிந்தும். இல்லை. வாசல் வரை போய், திரும்பிப் பார்க்காமல் டீ குடித்துவிட்டு வந்தேன். பைத்தியம்.

ஜூன் 14, சனி

ரோஸ் கோல்டை, அவன் சிம்மோடு அப்படியே, நைனா கையில் வைத்தேன்.

"எனக்கு எதுக்கும்மா இது?"

"உன் பேர்ல தானே கீது. நீயே வெச்சுக்கோ."

சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தறிக்குப் போனார். பெரிய போன், பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சாயங்காலம் வந்து தானாகச் சொன்னார்: "தறியில எல்லாரும் கேட்டாங்க, மாப்ளே வாங்கிக் குடுத்தாரான்னு. இல்ல, லோன் போட்டு நான்தான் வாங்கினேன்னேன்."

இன்னொரு டம்ளர் காபி கொடுத்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

மேகம். தூறல் வருவது போலக் காட்டிவிட்டுப் போனது.

பத்து மணிக்கே பெரியப்பா, அத்தை, தெருக்கோடி ஆசிரியர் வந்துவிட்டார்கள். நாற்காலி இரவல். அம்மா கேசரி செய்தாள், எதற்கு என்று தெரியவில்லை. பதினொன்று. பன்னிரண்டு. ஒரு மணிக்குச் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அத்தை போகும்போது என் கையை அழுத்திவிட்டுப் போனாள். கேசரி மீதி.

வரவில்லை. வருவான் என்று கொஞ்சம் நினைத்திருந்தேன். அதையும் எழுதிவைக்கிறேன்.

சாயங்காலம் நாலரைக்கு ரோஸ் கோல்டு அடித்தது. வீடியோ கால். நைனாவின் சட்டைப்பையிலிருந்து. அம்மா என்னைப் பார்த்தாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன், எழுந்திருக்கவில்லை.

நைனா எடுத்தார். போனை மூக்குக்குக் கிட்ட வைத்துக்கொண்டு, தறிக்குரலில்:

"சொல்லுங்க மாப்ளே."

"மாமா... ரேவா இல்லியா? போன அவகிட்ட குடுங்க."

"அவ போன் அவகிட்ட கீது. இது என் போன். என் பேர்ல கீது."

திரையில் தினேஷ் முகம் அப்படியே நின்றது. நைனா போனை ஒரு தட்டு தட்டினார்.

"இன்னா மாப்ளே, ஆளு அப்படியே நின்னுகினு கீறீங்க? கண்ண ஒரு வாட்டி மூடித் தொறங்க, பாக்கலாம்."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பேசறதுன்னா நேர்ல வாங்க. மைக்கு வேணும்னாலும் எடுத்தாறேன்."

மாப்பிள்ளை போனை நைனா தானாக வைத்ததே இல்லை. எப்போதும், "எப்டிம்மா கட் பண்றது?" என்று என்னிடம் நீட்டுவார். இன்று அவரே அமுக்கினார்.