அப்பா வாங்கித் தந்தது

ஜூன் 4

வாண்டுவின் அப்பாவுக்கு,

நாங்கள் நலம். நீங்களும் நலமாக இருங்கள். நீங்கள் படுத்துவிட்டால் அந்தத் தலைவலியும் எனக்குத்தான்.

மீன் தொட்டி வந்து சேர்ந்தது. உடையாமல் வந்ததே பெரிய விஷயம். பள்ளிக்கூடம் விட்டு வந்து அதன் முன்னால் உட்கார்ந்த வாண்டு சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. அவள் சந்தோஷத்தில் எனக்கு என்ன வருத்தம் இருக்கப்போகிறது. ஆனால் தொட்டிக்கு மீன் வேண்டும், மீனுக்குத் தீனி வேண்டும், குமிழி விடும் மோட்டார் நாள் முழுக்க ஓட வேண்டும். கரண்ட் பில் யார் கட்டுவது? இருக்கிற ஒரே மேசையைத் தொட்டி பிடித்துக்கொண்டதால் இப்போது தரையில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுகிறாள்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் என் சம்பளம் என்னவென்று உங்களுக்குத் தெரியும். காலையில் லென்ஸ் தேய்க்கிறேன், மாலையில் வருகிறவர்களுக்குக் கண்ணாடி மாட்டிப் பார்க்கிறேன். சம்பளம் வந்த வாரமே பாதியை வாடகை விழுங்கிவிடுகிறது. மிச்சத்தில் பள்ளிக்கூடம், வேன், கேஸ், அரிசி, காய்ச்சல் வந்தால் டாக்டர். ஒன்றை அடைத்தால் இன்னொன்று வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. நான் கேட்பது ஒன்றுதான். சாமான் வேண்டாம். மாதம் பிறந்ததும் வாடகையில் பாதியை அனுப்புங்கள்.

போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே சண்டை வருகிறது, எழுதிக்கொள்ளலாம் என்று சொன்னது நீங்கள்தான். எழுதிவிட்டேன்.

வாண்டுவின் அம்மா


ஜூன் 19

வாண்டுவின் அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இத்தனை எழுதியவள், மீன் வாங்கினாயா இல்லையா என்று எழுதவே இல்லை.

துறைமுகத்தில் கிரேன் கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்து நாள் முழுக்க யார் யாருடைய பெட்டிகளையோ இறக்குகிறேன். ஒரு பெட்டியாவது என் பிள்ளைக்குப் போகட்டும் என்று தோன்றாதா? பணமாக அனுப்பினால் வாடகையென்று வீட்டுக்காரர் வாங்கிப் பையில் போட்டுக்கொள்வார். அதில் அவளுக்கு நான் எங்கே தெரிவேன்? தொட்டியைப் பார்த்தால் அப்பா என்று ஒருவன் இருக்கிறான் என்பது தெரியும். பிரிந்தது நீயும் நானும். அவளை விட்டு நான் பிரியவில்லை.

அடுத்து ஒன்று வருகிறது. திட்டாதே.

வாண்டுவின் அப்பா


ஜூலை 8

வாண்டுவின் அப்பாவுக்கு,

திட்டத்தான் போகிறேன்.

சைக்கிள் வந்தது. பெரியவர்கள் ஓட்டுகிற சைக்கிள். எட்டு வயதுப் பிள்ளைக்குக் கால் எட்டவில்லை. வளர்ந்துவிடுவாள் என்று நினைத்தீர்களா, வயதே மறந்துபோயிற்றா? மாடிப்படிக்குக் கீழே நிறுத்துவதற்கு வீட்டுக்காரர் தனியாகக் காசு கேட்கிறார். எனக்கே வாடகை கட்ட வழியில்லை, இதில் சைக்கிளுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டுமாம்.

"ரெண்டு மாசமா வாடகையை இழுத்தடிக்கிறியேம்மா. அடுத்த மாசமும் இப்படின்னா வேற வீடு பாத்துக்க. சைக்கிள் வாங்க மட்டும் காசு இருக்கா?" என்று படியில் நின்று நாலு பேர் காதில் விழும்படி கேட்டார். கூசிப்போய் நின்றேன். இந்த வாடகைக்கு இனி ஊருக்கு வெளியேதான் வீடு கிடைக்கும். அவள் பள்ளிக்கூடத்தை மாற்ற வேண்டும், நான் கடை வேலையை விட வேண்டும். கடையில் சம்பள முன்பணமும் ஏற்கெனவே வாங்கியாயிற்று. இனி முதலாளியிடம் எந்த முகத்தோடு போய்க் கேட்பேன்?

சைக்கிளை விற்றுவிடலாம் என்றேன். "அது அப்பா குடுத்ததும்மா. விக்காதே" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் விற்கவும் மனசு வரவில்லை. படிக்குக் கீழேதான் நிற்கிறது.

வாண்டுவின் அம்மா


ஜூலை 21

வாண்டுவின் அம்மாவுக்கு,

அவள் சொன்னதை வேண்டாவெறுப்பாகவாவது எழுதினாயே, அதற்கு நன்றி.

சரி, இனி பணமே அனுப்புகிறேன். வாடகையில் பாதிக்கு மேலேயே வரும், ஐந்தாம் தேதிக்குள் வந்துவிடும். எதற்கு வேண்டுமானாலும் செலவு செய், கணக்குக் கேட்க மாட்டேன். பதிலுக்கு நீ ஒன்று செய்ய வேண்டும். அந்தப் பணத்தில் எதை வாங்கினாலும், அது சோப்புக்கட்டியாகவே இருந்தாலும், "இது அப்பா வாங்கித் தந்தது" என்று வாய்விட்டுச் சொல்லி அவளிடம் கொடு. இதற்குக்கூட மாட்டேன் என்பாயா?

மீன் வாங்கியாயிற்றா?

வாண்டுவின் அப்பா


ஆகஸ்ட் 12

வாண்டுவின் அப்பாவுக்கு,

பணம் சொன்ன தேதிக்கு வந்தது. வீட்டுக்காரர் வாயை அடைத்தாயிற்று. வீடு தப்பித்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு மூச்சு விட்டேன், பொய் சொல்ல மாட்டேன்.

நீங்கள் கேட்டதையும் செய்கிறேன். உங்கள் பணமும் என் பணமும் ஒரே டப்பாவில்தான் கிடக்கிறது. கடைக்கு ஓடும்போது எந்த நோட்டு யாருடையது என்று பார்த்துக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை. அதனால் எது வீட்டுக்குள் வந்தாலும் அப்பா என்று சொல்லிவிடுகிறேன். இவளும் பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்துக்கு ஒட்டுகிற லேபிளில் "அப்பா" என்று எழுதி ஒவ்வொன்றிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறாள். அரிசி டின், கேஸ் சிலிண்டர், பல்பொடி டப்பா, எதையும் விட்டுவைக்கவில்லை. திருப்திதானே?

வாண்டுவின் அம்மா


ஆகஸ்ட் 25

வாண்டுவின் அம்மாவுக்கு,

கூண்டில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். கீழே நின்றவன் எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பான். பல்பொடி டப்பாவில்கூட நான் இருக்கிறேன். மனசு நிறைந்துவிட்டது. விடாமல் சொல்லிக்கொண்டே இரு.

மீன் விஷயத்துக்கு மட்டும் உன்னிடமிருந்து பதிலே வருவதில்லை.

வாண்டுவின் அப்பா


செப்டம்பர் 15

வாண்டுவின் அப்பாவுக்கு,

இந்த மாதப் பணமும் வந்தது. ஆனால் "அப்பா வாங்கித் தந்தது" என்று இனி நான் சொல்ல மாட்டேன்.

போன வாரம் அவளுக்கு ஷூ வாங்கினேன். பழையதில் கட்டைவிரல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. விடுமுறை நாட்களிலும் கடைக்குப் போய் லென்ஸ் தேய்த்துச் சம்பாதித்த காசு அது. ஆனால் பெட்டியைக் கொடுக்கும்போது பழக்கதோஷத்தில் "அப்பா வாங்கித் தந்தது" என்று வாயில் வந்துவிட்டது. போட்டுப் பார்த்தாள், சரியாக இருந்தது. லேபிளை ஒட்டிவிட்டு என்னைப் பார்த்து, "எல்லாம் அப்பாதானே வாங்கறார். நீ எதுக்கும்மா வேலைக்குப் போறே?" என்றாள்.

குத்தலாகக் கேட்கவில்லை. மணி என்ன என்பது போலக் கேட்டாள். எனக்கு அவள் மேல் கோபம், உங்கள் மேல் அதைவிடக் கோபம், சொன்ன வாய் என்னுடையது என்பதால் என் மேல் எல்லாவற்றையும்விடக் கோபம். பாத்திரம் தேய்க்கப் போய்விட்டேன்.

மறுநாள் கடையில் ஒரு பெரியவருக்குப் புதுக் கண்ணாடியை மாட்டிவிட்டு, சுவரில் தொங்கும் எழுத்து அட்டையைச் சரி செய்யத் திரும்பினேன்.

"படிங்கய்யா" என்றேன்.

"அம்மா" என்றார்.

அட்டையில் அப்படி ஒரு சொல்லே கிடையாது. "இங்க பாருங்கய்யா, அட்டையைப் பாருங்க."

"அட்டையை அப்புறம் பாக்கறேன். உன் முதுகுலதாம்மா எழுதியிருக்கு. கண்ணாடி நல்லா இருக்கு, பளிச்சுனு தெரியுது."

கடையில் போடுகிற வெள்ளைக் கோட்டைக் கழற்றிப் பார்த்தேன். கோணல் எழுத்தில் ஒரு லேபிள். வீட்டிலேயே கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்புகிறவள் நான். பஸ்ஸில் வந்தவர்கள் எல்லாரும் படித்திருப்பார்கள்.

வீட்டுக்கு வந்து, "ஏன்டி முதுகுல ஒட்டினே?" என்று கேட்டேன். "ஒரு லேபிள்தான் மிச்சம் இருந்துச்சு. உன் பேரை எழுதினேன். நீ வாங்கினது வீட்ல ஒண்ணுமே இல்லையேம்மா, வேற எங்க ஒட்டறது?" என்றாள். அன்றைக்கு அழுதேன். அவள் முன்னாலேயே அழுதேன்.

பணத்தை நிறுத்தாதீர்கள். அது அவளுக்கு நீங்கள் செய்ய வேண்டியது, எனக்குத் தரும் கூலி இல்லை. இனி வீட்டுக்காரருக்கே நேராக அனுப்பிவிடுங்கள், முகவரியைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். அவளுக்கு நீங்கள் தெரிய வேண்டுமென்றால் அவளுக்கே எழுதுங்கள். எழுத்துக்கூட்டிப் படிப்பாள், பெரிய எழுத்தாக எழுதுங்கள். வயது எட்டு என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு எழுதுங்கள். நான் இனி உங்களுக்கு எழுத மாட்டேன். உங்கள் சார்பில் பேசிப் பேசி என் பேச்சு எனக்கே மறந்துவிட்டது.

கேட்டுக்கொண்டே இருந்தீர்களே, மீன் வாங்கிவிட்டேன். நேற்று இரண்டு வாங்கினேன். "இது அம்மா வாங்கித் தந்தது" என்று அவளிடம் சொல்லிவிட்டுத்தான் தொட்டியில் விட்டேன்.

வாண்டுவின் அம்மா