கண்ணாடிக்குள் செத்துப்போன பதினோரு பேருக்கு கேட் பாஸ் வேண்டி

அனுப்புநர்:
சி. விருத்தாம்பாள் (வயது 46),
க/பெ. சின்னதுரை,
கரி அள்ளும் ஒப்பந்தத் தொழிலாளி (பகல் ஷிப்டு),
முத்தாண்டிக்குப்பம்.

பெறுநர்:
உயர்திரு மனிதவள அதிகாரி அவர்கள்,
செங்கழனி ஆள்சேவை நிறுவனம்,
நெய்வேலி நகரியம்.

பொருள்: தலையில் மாட்டும் கண்ணாடிப் பயிற்சியில் இறந்துவிட்டதாகப் பதிவான பதினோரு தொழிலாளர்களும் உயிரோடு இருப்பதைத் தெரிவித்து, கேட் பாஸைத் திரும்பத் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் உயிரோடு இருக்கிறேன். உங்கள் கம்ப்யூட்டர் வேறு மாதிரி சொல்வதால் இதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன். நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தவள். எழுத்தில் பிழை இருந்தால் அது என் பிழை. செத்துப்போனதில் பிழை இருந்தால் அது யார் பிழை என்று கீழே எழுதியுள்ளேன்.

1. நாங்கள் பன்னிரண்டு பேர் கரி யார்டில் வேலை செய்கிறோம். கரியைச் சுமந்துகொண்டு ஓடும் நீளமான ரப்பர் பெல்ட்டின் ஓரத்தில் சிந்துவதைக் கூட்டி அள்ளுவது எங்கள் வேலை. ஓடுகிற பெல்ட்டை யாரும் தொடக் கூடாது. இத்தனை வருஷத்தில் நாங்கள் யாரும் தொட்டதில்லை. எங்கள் மேஸ்திரி வைத்திலிங்கம் அண்ணன் பெல்ட் பக்கம் கை நீட்டியவர்களை வைகிற வார்த்தைகளை இந்த மனுவில் எழுத முடியாது.

2. இந்த வருஷம் பாஸ் புதுப்பிக்க வேண்டுமென்றால் கண்ணாடிப் பயிற்சியில் தேற வேண்டும் என்று தங்கள் அலுவலகத்தில் உத்தரவு போட்டீர்கள். போன வாரம் நகரியத்தில் உள்ள தங்கள் பயிற்சிக் கூடத்துக்கு வரச் சொன்னீர்கள். எல்லோரும் தலை குளித்து, இருப்பதில் நல்ல துணி உடுத்திக்கொண்டு வந்தோம். இசைப்பிரியா என்கிற பெண், சென்னையிலிருந்து வந்ததாம், தங்கமான பிள்ளை, என் தலையில் ஒரு கறுப்புப் பெட்டியை மாட்டி, இரண்டு கையிலும் இரண்டு பிடியைக் கொடுத்தது. அதற்கு மெய்நிகர் கண்ணாடி என்று பெயராம். கொண்டை இடித்தது. அவிழ்த்துப் பின்னல் போட்டுக்கொண்டேன். இதற்கு ஆன நேரத்தையும் கம்ப்யூட்டர் 'வேலையில் தாமதம்' என்று எழுதிக்கொண்டதாகப் பிறகு தெரிந்தது.

3. ஐயா, உள்ளே பார்த்தால் எங்கள் யார்டேதான். அதே இரும்புப் படி, அதே பெல்ட், தூரத்தில் புகைபோக்கிகூட இருந்தது. ஒரு நிமிஷம் எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. வேலையை ஆரம்பியுங்கள் என்று ஒரு குரல் சொன்னது. நானும் எப்போதும்போலத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். உடனே எல்லாம் சிவப்பாகிவிட்டது. பெட்டியைக் கழற்றினால் இசைப்பிரியா தயங்கித் தயங்கி, "அம்மா, நீங்க இறந்துட்டீங்கம்மா" என்றது. நான் தொட்டது ஓடுகிற பெல்ட்டையாம். "செத்தவங்களுக்கும் டீ உண்டா பாப்பா?" என்று கேட்டேன். உண்டு என்றது. குடித்தேன். பஜ்ஜியும் சாப்பிட்டேன். செத்தவர்கள் இப்படிச் சாப்பிடுவார்களா என்பதைத் தாங்களே யோசித்துப் பார்க்கவும்.

4. இங்கே ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. எங்கள் யார்டில் படி ஏறுகிற இடத்தில், பெல்ட்டிலிருந்து நன்றாகத் தள்ளி, ஒரு இரும்புக் கம்பம் நிற்கிறது. எந்தக் காலத்தில் யார் வைத்தார்களோ, அதில் சந்தனம் குங்குமம் இருக்கும். அழிந்தால் நாங்கள் வைப்போம். ஷிப்டு ஆரம்பிக்கும்போது எல்லோரும் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் மண்வெட்டியை எடுப்போம். கும்பிட்டு நிமிரும்போதுதான் யார் வந்திருக்கிறார்கள், யார் வரவில்லை, யார் மூஞ்சி வீட்டுச் சண்டையோடு வந்திருக்கிறது என்று பார்ப்பது. தங்கள் கண்ணாடிக்குள் புகைபோக்கியை வைத்தவர்கள் கம்பத்தை வைக்கவில்லை. கை அதைத் தேடியது. கிடைக்கவில்லை. எதிரில் இருந்ததைத் தொட்டுவிட்டது.

5. இரண்டாவது வாய்ப்பும் கொடுத்தீர்கள். அதற்கு நன்றி. இந்த முறை பெல்ட்டைத் தொடக் கூடாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். தொடவில்லை. பக்கத்தில் அழகாகப் பச்சை நிறத்தில் ஒரு பெட்டி இருந்தது. அதைத் தொட்டுக் கும்பிட்டேன். அது கரண்டுப் பெட்டியாம். மின்சாரம் தாக்கி இறந்தேன்.

6. மூன்றாவது முறை எதையும் தொடாமல் தரையை மட்டும் தொட்டுக் கும்பிடலாம், பூமாதேவி யாரையும் கொல்ல மாட்டாள் என்று குனிந்தேன். அந்தப் பக்கம் தங்கள் அலுவலக மேஜை இருந்தது கண்ணாடிக்குள் தெரியவில்லை. நெற்றியில் மோதி வீங்கிவிட்டது. கம்ப்யூட்டரோ நான் தவழ்ந்து பெல்ட்டுக்கு அடியில் போனதாக எழுதிக்கொண்டது. நிஜ யார்டில் இத்தனை வருஷமாக ஒரு கீறல்கூடப் படாதவள், பாதுகாப்புப் பயிற்சியில் ஐஸ் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்பதையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டு வருகிறேன்.

7. நான் ஒருத்தி மட்டும் செத்திருந்தால் இந்த மனு வந்திருக்காது. என் தோழி ஆதிலட்சுமியும் பெல்ட்டில்தான் போனாள். வைத்திலிங்கம் அண்ணன் பக்திமான், இரண்டு கையாலும் தொட்டார். எல்லோரையும்விட சீக்கிரம் செத்தவர் அவர்தான். இப்படியே வரிசையாகப் பதினோரு பேரும் போய்ச் சேர்ந்தோம். பிழைத்தவர் ஒரே ஒருவர், மருதாசலம். அவர் கறுப்புச் சட்டைக்காரர். சாமி கிடையாது, பூசை கிடையாது என்பவர். நாங்கள் கம்பத்தைக் கும்பிடும்போது அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஆயுத பூஜைப் பொரியை மட்டும் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொள்வார். அதைச் சொல்லி நான் அவரைக் கிண்டல் செய்யாத நாள் கிடையாது. அவர் உள்ளே போனார், எதையும் தொடவில்லை, அள்ளினார், வெளியே வந்தார். முழு மார்க். வெளியே வந்ததும் எங்களைப் பார்த்து, "இன்னாம்மா, சாமி காப்பாத்திச்சா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். நான் ஐஸ் கட்டியை நெற்றியில் இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொண்டேன்.

8. திங்கட்கிழமை வேலைக்குப் போனால் கேட்டில் என் அட்டை சிவப்பு விளக்கு காட்டியது. காவலர் திரையைப் படித்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். "உயிரிழப்புன்னு போட்டுக்கீதும்மா, நான் இன்னா பண்ணட்டும்?" என்றார். "நான் ஆவியா இருந்தா உன்னாண்ட அட்டைய காட்டிக்கினு நிப்பனா? அப்டியே கேட்டத் தாண்டிக்கினு போயிருக்க மாட்டனா?" என்றேன். சிரித்தார். ஆனால் விடவில்லை. பின்னால் நின்ற ஆதிலட்சுமி தானும் செத்தவள் என்பதை மறந்துவிட்டு, "யக்கா, கருமாதி என்னிக்கி? வடை பாயசம் உண்டா?" என்று கேட்டாள். அவள் அட்டையும் சிவப்பு காட்டியதும் வாயை மூடினாள்.

9. வீட்டிலும் நிலைமை சரியில்லை. என் வீட்டுக்காரர் விஷயம் கேட்டு முதலில் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "அப்போ ஒண்ணாந்தேதிக்கு மேல?" என்று கேட்டார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் சிரிக்கவில்லை. தேறாதவர்கள் இடத்தில் வருகிற ஒன்றாம் தேதி முதல் வேறு ஆட்களை எடுக்கப் போவதாகத் தங்கள் அலுவலகப் பலகையில் ஒட்டியிருக்கிறீர்கள். ஐயா, நான் எதையும் சிரித்துக்கொண்டே சொல்லிப் பழகியவள். அதனால் இதையும் அப்படியே எழுதுகிறேன். ஆனால் அந்த வேலை போனால் எனக்கு வேறு வேலை தெரியாது. தெரிந்துகொள்ளும் வயசும் தாண்டிவிட்டது.

10. யார்டிலும் கரி குவிந்து கிடக்கிறது. பன்னிரண்டு பேர் அள்ளியதை மருதாசலம் ஒருவராக அள்ளுகிறார். புதன்கிழமை சாயந்திரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். திட்ட வந்திருக்கிறார் என்று நினைத்தேன். "மனு எழுதும்மா, நானும் கையெழுத்துப் போடறேன்" என்றார். அதனால்தான் எழுதுகிறேன்.

11. ஆகவே ஐயா அவர்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்வது:

அ) கண்ணாடிக்குள் இருக்கும் யார்டில், படி ஏறுகிற இடத்தில், எங்கள் கம்பத்தையும் வைத்துத் தர வேண்டும். புகைபோக்கி வைத்தவர்களுக்குக் கம்பம் வைப்பது பெரிய வேலையாக இருக்காது.

ஆ) வைத்த பிறகு ஒன்றாம் தேதிக்குள் எங்களுக்கு இன்னொரு முறை பயிற்சி தர வேண்டும். அந்தக் கம்பம் இருந்தும் நாங்கள் பெல்ட்டைத் தொட்டால் பிறகு எங்களை எடுத்துப் புதைத்துவிடுங்கள், கேட்க மாட்டோம்.

இ) மேஜையை நகர்த்திப் போட வேண்டும்.

ஈ) இதற்காக இசைப்பிரியாவை எதுவும் சொல்லக் கூடாது. பதினோராவது ஆள் சாகும்போது அந்தப் பிள்ளை எங்களைவிட அதிகமாகக் கண் கலங்கியது.

கம்பத்தில் சந்தனம் குங்குமம் வேண்டும் என்று எழுதத்தான் நினைத்தேன். அதில் மருதாசலத்துக்கும் எனக்கும் ஒரு மணி நேரம் தகராறு. குங்குமம் வைத்தால் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். கடைசியில் கம்பத்துக்கு மஞ்சள் அடித்தால் போதும் என்று முடிவானது. அவருக்கு அது பாதுகாப்புப் பெயிண்டு. எனக்கு அது மஞ்சள். இரண்டு பேரும் ஒத்துக்கொண்ட காரியம் இந்த யார்டில் இது ஒன்றுதான். தாங்கள் தயவுசெய்து தட்டாமல் நிறைவேற்றித் தர வேண்டும்.

நாள்: 22.02.2019
இடம்: முத்தாண்டிக்குப்பம்

இப்படிக்கு,
இன்னமும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்
சி. விருத்தாம்பாள்
(மற்றும் பத்துப் பேர் கையெழுத்து, கைரேகை பின்பக்கம்)

சாட்சி:
மேற்படி விருத்தாம்பாள் என் எதிரில் உட்கார்ந்து இதை எழுதினார். உயிரோடு இருக்கிறார். எழுதும்போதே நான் ஆயுத பூஜைப் பொரி வாங்குவதை இரண்டு முறை குத்திக் காட்டினார். நான் எந்தக் கம்பத்தையும் கும்பிடுவதில்லை, இனியும் கும்பிட மாட்டேன். ஆனாலும் கம்பத்தைச் சீக்கிரம் வைக்கவும். திங்கட்கிழமையிலிருந்து தனியாக அள்ளுகிறேன். கரியைக்கூட அள்ளிவிடலாம். யார்டில் என்னைக் கிண்டல் செய்ய ஒரு ஆள் இல்லை.

– மருதாசலம், பயிற்சியில் உயிர் பிழைத்தவர்