கத்திரி வெயிலில் ஹீட்டர்

மே 8, வியாழன்

கத்திரி. காலையிலேயே மொட்டை மாடியில் கால் வைக்க முடியவில்லை. வடகம் நன்றாகக் காயும்.

கார் நேற்று மறுபடி கொதித்தது. மஞ்சக்குப்பம் நடுரோட்டில், பானெட்டிலிருந்து ஆவி. தள்ளிவிட வந்தவர்கள் ஆளுக்கொரு யோசனை. மாமனார் முடிவே கட்டிவிட்டார்: பண்ருட்டியில் ஒரு முந்திரி வியாபாரி கேட்கிறாராம், திங்கட்கிழமை கொடுத்துவிடலாமாம். வீட்டுக்காரர் மஸ்கட்டிலிருந்து போனில், "அப்பா சொல்றத கேளேன்."

கேட்கமாட்டேன். இது போனால் ஆபீஸுக்கு மறுபடி ஷேர் ஆட்டோ. எங்கே போவதென்றாலும் யாரையாவது கேட்டுக்கொண்டு நிற்கவேண்டும். அதுதான் தாங்காது.

மாமாவிடம் பேரம். ஞாயிறு சிதம்பரத்தில் நாத்தனார் மகள் நிச்சயதார்த்தம். என் காரில் போவோம். வழியில் கொதித்தால் விற்றுவிடலாம், கொதிக்காவிட்டால் அந்தப் பேச்சே கூடாது. சிரித்தார். "சிதம்பரம் இருக்கட்டும்மா. ஆலப்பாக்கம் தாண்டுதா பாப்போம்."

மே 9, வெள்ளி

லீவு. காரணம்: தலைவலி.

கூலண்ட் கேன், டிஸ்டில்டு வாட்டர், பிளாஸ்டிக் டப், பழைய நைட்டி.

இன்ஜின் ஆறியபின் மூடி திறந்து, ரேடியேட்டர் அடியில் இருக்கும் திருகைக் கழற்றினேன். வந்தது தண்ணீரா? மீன் குழம்பு. காரை முன்னே வைத்திருந்த புண்ணியவான் கூலண்டோடு போர் தண்ணீரையும் கலந்து ஓட்டியிருக்கிறார், அத்தனையும் உப்பு. நல்ல தண்ணீர் ஊற்றி, ஓடவிட்டு, ஆறவிட்டு, திறந்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து. மதியத்துக்குமேல் தெளிந்தது. வடித்த பழைய கூலண்ட், மூடி போட்ட கேனில். தித்திக்குமாம், நாய் நக்கினால் செத்துப்போகும்.

எதிர்வீட்டு அக்கா: "ஏன் செல்வி, ஊர்ல மெக்கானிக்கே இல்லியா?" நான் இருக்கிறேனே என்றேன்.

புது கூலண்ட், பச்சை. ஊற்றி மூடியாயிற்று. கொஞ்சம் திமிராகத்தான் இருக்கிறது. இருக்கட்டும்.

மே 10, சனி

சில்வர் பீச் வரை ஓட்டம். சூடு காட்டும் முள் பாதியைத் தாண்டவில்லை. பூ சொல்லியாயிற்று. ஜாக்கெட் இறுக்கம், பிரித்துத் தைக்கவேண்டும்.

மே 11, ஞாயிறு

உடம்பெல்லாம் வலி. ஆனாலும் எழுதிவிடவேண்டும்.

மாமா முன்சீட்டில், பட்டு வேட்டி. கண் ரோட்டில் இல்லை, முள்ளில். ஆலப்பாக்கம் தாண்டியதும் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

புதுச்சத்திரம் தாண்டி முள் ஏற ஆரம்பித்தது. அத்தனை தடவை கழுவினேனே! அப்புறம்தான் உறைத்தது: ஹீட்டர். கழுவும்போதும் கூலண்ட் ஊற்றும்போதும் அதைத் திறந்து வைத்திருக்கவேண்டும். கடலூரில் கார் ஹீட்டரை யார் தொட்டார்கள்? வாங்கிய நாளிலிருந்து குமிழ் நீலத்திலேயே. அந்தக் குழாயில் காற்று அடைத்து நிற்கிறது.

ஏசியை அணைத்தேன். ஜன்னல் நாலையும் இறக்கினேன். குமிழைச் சிவப்புக்குத் திருப்பி ஃபேனை முழுசாக வைத்தேன். முதலில் புழுதி, பிறகு அனல். அடுப்புக்குள் தலையை விட்ட மாதிரி.

"என்னம்மா பண்ற?"

"இன்ஜின் சூட்ட நாம வாங்கிக்கறோம் மாமா. கொஞ்சம் பொறுத்துக்குங்க."

திட்டுவார் என்றுதான் நினைத்தேன். துண்டால் முகத்தைத் துடைத்தார், முள்ளைப் பார்த்தார். அது மெல்ல இறங்கியது. இன்னொரு தடவை துடைத்தார்.

மண்டப வாசலில் இரண்டு பேரும் குளத்தில் விழுந்து எழுந்த கோலம். நாத்தனார், பஸ்ஸில் நின்றுகொண்டா வந்தீர்கள் என்று கேட்டாள்.

சாப்பிட்டு, இன்ஜின் ஆறும்வரை இருந்து, மூடி திறந்து, ஹீட்டர் போட்டு ஓடவிட்டேன். குபுகுபுவென்று காற்று வெளியேறி மட்டம் இறங்கியது. கையை நீட்டினேன், கூலண்ட் கேனோடு மாமா பக்கத்தில் நின்றிருந்தார்.

திரும்பும்போது ஏசி. முள் அசையவில்லை. மாமா குறட்டை.

மே 12, திங்கள்

மோட்டார் போட வெளியே வந்தேன். வாசலில் மாமா போனில், பண்ருட்டிக்காரரோடு.

"இல்லப்பா, குடுக்கறதா இல்ல. கொதிக்குதா? யாரு சொன்னா? நேத்து சிதம்பரம் போயிட்டு வந்தோம். ஏசி நல்லா இருக்கு. ஹீட்டரு இருக்கு பாரு, அது இன்னும் ஜோரு."